வானத்துல சல்ஃபர் தூவி பூமியை கூல் பண்ணிடுவாங்களாமே, அப்போ மேட்டூர் தண்ணி என்னாகும்?

டெல்டாக்காரன்_டெல்லியில் கேட்டது:

மக்களே வணக்கம். மயூர் விஹார் ஃபேஸ் 3-ல இருக்கேன், வேலை நொய்டால. எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர், கர்நாடகா மாண்டியாக்காரர், நல்ல மனுஷன். ஆனா வெயிலைப் பத்தி பேச்சு எடுத்தாலே ஒரே டயலாக்தான், "எதுக்கு டென்ஷன், ரொம்ப முத்திப்போச்சுன்னா ஃப்ளைட்ல போய் சல்ஃபரைத் தூவிடுவாங்க, ஒரு வருஷத்துல பூமி கூல் ஆயிடும், செலவும் கம்மி"ன்னு. 2024 மே 29 அன்னிக்கு டெல்லி சஃப்தர்ஜங்ல 46.8 டிகிரி அடிச்சப்பவும் இதையேதான் சொன்னார். (அதே நாள் முங்கேஷ்பூர்ல 52.9-னு வந்தது சென்சார் கோளாறுன்னு வானிலை ஆய்வு மையமே (ஐஎம்டி) சொல்லிடுச்சு, அதை யாரும் இங்க இழுக்காதீங்க ப்ளீஸ்.)

நெட்ல தேடினா பாதி பேர் இதுதான் கடைசி நம்பிக்கைங்கறாங்க, மீதி பேர் ஏதோ உலக சதிங்கறாங்க. எனக்கு ரெண்டும் வேணாம். இது நிஜமாவே வேலை செய்யுமா, அப்புறம் இவ்ளோ வருஷமா வெப்பம் ஏறுதுன்னு தெரிஞ்சும் ஏன் எல்லாரும் கையைக் கட்டிட்டு இருந்தாங்க, இதுக்குத்தான் பதில் வேணும். இன்னொண்ணு சுயநலம். அப்பா திருவையாறு பக்கம் இன்னும் விவசாயம் பண்றார், ஜூன் 12 வந்தா மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களான்னுதான் வீட்ல பேச்சே. அந்தத் தண்ணி குடகுலயும் வயநாட்டுலயும் பெய்யற தென்மேற்குப் பருவமழைலேந்து வரணும். சூரிய வெளிச்சத்தைக் குறைச்சா அந்த மழை என்னாகும்?

லேப்கோட்_கழட்டியாச்சு:

வளிமண்டல மாடலிங்ல கொஞ்ச வருஷம் குப்பை கொட்டினவன், இப்போ டேட்டா வேலை. பெரிசா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

குளிர்ச்சி ஆகுமான்னா ஆகும். எரிமலை செஞ்சு காட்டியிருக்கு. 1991 ஜூன்ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ வெடிச்சப்போ ஒன்றரை கோடி டன் அளவுக்கு சல்ஃபர் டை ஆக்சைடு ஸ்ட்ராடோஸ்பியர் (மழை மேகத்துக்கெல்லாம் மேல இருக்கற காத்து அடுக்கு) வரைக்கும் போச்சு, அது அங்க சல்ஃபேட் துகளா மாறி வெயில்ல ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிச்சு, அடுத்த வருஷம் உலக சராசரி வெப்பம் அரை டிகிரி கிட்ட இறங்கிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு துகள் எல்லாம் கீழ விழுந்ததும் திரும்ப பழைய இடத்துக்கே வந்துடுச்சு. இதை வேணும்னே செய்யலாம்னு ரஷ்யாவோட புடிகோ 1970-கள்லயே எழுதிட்டார். ஆனா ஆராய்ச்சிக்காரங்க மத்தியில கூச்சம் உடைஞ்சது 2006-ல பால் க்ரூட்சன் எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான். ஓசோன் ஆராய்ச்சிக்கு 1995-ல நோபல் வாங்கின மனுஷன், அவரே இதைப் பேசலாம்னு சொன்னதும் மத்தவங்களும் வாயைத் திறந்தாங்க. அவரும் ஆசையா ஒண்ணும் எழுதல, எமிஷனைக் குறைக்கற லட்சணத்தைப் பார்த்து வெறுத்துப்போய் எழுதினது.

செலவு கம்மிங்கறதும் சரி. 2018-ல ஒரு கணக்கு வந்துச்சு, முதல் 15 வருஷத்துக்கு வருஷத்துக்கு சராசரி 225 கோடி டாலர். பயணிகள் விமானம் 10-12 கிலோமீட்டர்லதான் பறக்கும், இதுக்கு 20 கிலோமீட்டர் வரைக்கும் ஏத்தணும், அதுக்குன்னு தனி விமானம் டிசைன் பண்ணணும், அதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஒரு நடுத்தர நாடு தனியாவே செஞ்சுடலாம். எனக்கு வயித்தைக் கலக்கறதே அந்தக் கம்மி செலவுதான்.

இப்போ மழை. கார்பன் டை ஆக்சைடு காத்துலயே வெப்பத்தைப் பிடிச்சு வைக்குது, வெயிலைத் தடுக்கற துகள் தரைக்கும் கடலுக்கும் வர வெயிலையே குறைக்குது, அதனால ஆவியாகற தண்ணி குறையுது, ரெண்டையும் கூட்டிக் கழிச்சா வெப்பம் பழைய அளவுக்கு வந்தாலும் மழை பழைய அளவுக்கு வராது. பெங்களூரு ஐஐஎஸ்சி-ல (இந்திய அறிவியல் கழகம்) கோவிந்தசாமி பாலா இந்த விஷயத்துல ரொம்ப காலமா வேலை செய்யறவர், அவரும் கூட்டாளிகளும் 2008-ல எழுதின பேப்பரோட சாரமே இதான்: ஏறின வெப்பம் முழுசையும் நிழலாலயே ஈடு கட்டினா உலக சராசரி மழை முன்னாடி இருந்ததை விடக் குறையும். பினாடுபோவுக்கு அப்புறம் 1992-ல நிலத்து மேல மழையும் ஆறுகள்ல ஓடற தண்ணியும் குறைஞ்சதும் பதிவாயிருக்கு.

எங்க தூவறோம்ங்கறதும் முக்கியம். வடக்கு அரைக்கோளத்துல மட்டும் தூவினா மழைப் பட்டை தெற்கே நகரும். 2013-ல வந்த ஒரு ஆய்வு, ஆப்பிரிக்காவோட சாஹேல் பகுதில 20-ம் நூற்றாண்டுல ரொம்ப வறண்ட நாலு கோடைல மூணுக்கு முன்னாடி வடக்குல பெரிய எரிமலை வெடிச்சிருக்குன்னு காட்டிச்சு. ரெண்டு பக்கமும் சமமா தூவினா பாதிப்பு குறையலாம்னு மாடல் சொல்லுது, ஆனா குடகு மலைல இந்த ஜூலை எத்தனை சென்டிமீட்டர் பெய்யும்ங்கற அளவுக்கு எந்த மாடலும் இறங்கிச் சொல்லாது. அப்பாகிட்ட "மழை நிச்சயம் குறையும்"னும் சொல்லாதீங்க, "ஒண்ணும் ஆகாது"ன்னும் சொல்லாதீங்க.

கடைசியா புலி வாலைப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. துகள் மேல ஒண்ணு ரெண்டு வருஷம்தான் நிக்கும், கார்பன் நூத்துக்கணக்கான வருஷம். 50 வருஷம் தூவிட்டு போர், பணமுடை, ஆட்சி மாற்றம்னு ஏதோ ஒண்ணால நிறுத்தினா அதுவரைக்கும் மறைஞ்சிருந்த வெப்பம் பத்து இருபது வருஷத்துக்குள்ள மொத்தமா வந்து இறங்கும். அதுவரை கடல் சும்மா இருக்காது, கார்பனைக் குடிச்சுக் குடிச்சு அமிலத்தன்மை ஏறிட்டே போகும், அந்த அமில விஷயத்துல மன்னார் வளைகுடா பவளப்பாறைக்கு இந்த நிழலால ஒரு பிரயோஜனமும் இல்ல.

கொசுறு_கேள்வி:

இது 2025 அக்டோபர்ல இங்க டெல்லில பண்ணாங்களே அதே தானே? எங்க கரோல்பாக் மேலயும் ப்ளேன் போச்சுன்னாங்க, ஒரு சொட்டு கூட விழல. ஃப்ளைட் பின்னாடி வர வெள்ளைக் கோடும் இதானா?

லேப்கோட்_கழட்டியாச்சு:

இல்லங்க. 2025 அக்டோபர் 28 நடந்தது மேக விதைப்பு, அதாவது மழை வரவைக்கற முயற்சி, ஐஐடி கான்பூர் ஆளுங்க சில்வர் அயோடைடும் உப்பும் தூவினாங்க, மேகத்துல ஈரமே 15-20 சதவீதம்தான் இருந்துச்சு, சட்டில இருந்தாத்தானே அகப்பைல வரும். அது ஒரு நாள், ஒரு ஊர் சமாச்சாரம், நான் சொன்னது மொத்த பூமிக்கும். வெள்ளைக் கோடு எஞ்சின் விடற நீராவி குளிர்ல உறையறது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ரிட்டயர்டு_செக்ஷன்_ஆபீசர்:

தம்பி டெல்டாக்காரன், ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன். மத்திய சர்க்கார்ல காலம் பூரா ஃபைல் தள்ளினவன், ஆர்.கே.புரத்துல குப்பை கொட்டிட்டு இப்போ துவாரகால பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு விஷயத்தைச் செய்யக்கூடாதுன்னு நினைச்சா அதை நிராகரிக்க மாட்டாங்க, "மேலும் ஆய்வு தேவை"ன்னு ஒரு நோட் போட்டு அடுத்த டேபிளுக்கு அனுப்பிடுவாங்க. உலகம் பண்ணது அதான்.

கார்பன் ஏறினா பூமி சுடும்னு ஸ்வீடன்காரர் அர்ரீனியஸ் 1896-ல கணக்குப் போட்டுக் குடுத்தார். 1958-லேந்து ஹவாய்ல காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை அளந்துட்டு இருக்காங்க, ஆரம்பத்துல 315 பிபிஎம் (பத்து லட்சத்துல 315 பங்கு), 2024-ல சராசரி 424-ஐத் தாண்டிடுச்சு. இதெல்லாம் கூட விடு, 1965-ல அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்கு அவரோட விஞ்ஞானக் குழு ஒரு ரிப்போர்ட் குடுத்துச்சு, அதுல கார்பன் பிரச்சினையை விலாவாரியா எழுதிட்டு கடைசில என்ன தீர்வு சொன்னாங்க தெரியுமா, கடல் மேல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பற துகளை மிதக்க விடலாம், வருஷத்துக்கு 50 கோடி டாலர் ஆகும்னு. நிலக்கரி பெட்ரோல் எரிக்கறதைக் குறைக்கலாம்னு ஒரு வரி கிடையாது! அதாவது உன் சீனியர் சொல்ற மருந்து நோய் கண்டுபிடிச்ச அன்னிக்கே வந்தது. பத்தியம் இருக்கச் சொல்லத்தான் யாருக்கும் மனசு வரல.

அப்புறம் 1988-ல நாசா விஞ்ஞானி ஹான்சன் போய் பூமி சூடாகுதுன்னு அமெரிக்க செனட்ல சாட்சி சொன்னார், அதே வருஷம் ஐபிசிசி-ன்னு ஐநாவோட காலநிலை விஞ்ஞானக் குழு ஆரம்பிச்சாங்க, 1992-ல ரியோ மாநாடு, 1997-ல க்யோட்டோ ஒப்பந்தம். க்யோட்டோ கூட்டத்துக்கு முன்னாடியே அமெரிக்க செனட் 95-0-ன்னு ஓட்டுப் போட்டு, வளரும் நாடுகளும் கட்டுப்படலன்னா நாங்க கையெழுத்து போடமாட்டோம்னு தீர்மானம் போட்டுடுச்சு. பாரிஸ் ஒப்பந்தத்துல அமெரிக்காக்காரங்க சேர்ந்தாங்க, விலகினாங்க, திரும்ப சேர்ந்தாங்க, 2025-ல திரும்ப விலகறோம்னுட்டாங்க. எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்ல அவங்களோட விஞ்ஞானிங்களே 70-80-கள்ல போட்ட கணக்கு பின்னாடி நடந்த வெப்பத்தோட அப்படியே பொருந்துதுன்னு 2023-ல சயன்ஸ் பத்திரிகைல வந்துச்சு, ஆனா வெளிய அவங்க பேசினது வேற. இத்தனை மாநாட்டுக்கும் நடுவுல எரிபொருள் எரிச்சு வர கார்பன் டை ஆக்சைடு 1990-ல வருஷத்துக்கு சுமார் 2,270 கோடி டன் இருந்தது இப்போ 3,700 கோடி டன்னுக்கு மேல.

நம்ம ஊரையும் விட்டுட முடியாது. கன்னாட் பிளேஸ்ல 2021-ல காத்தைச் சுத்தம் பண்ண ஸ்மாக் டவர்னு இருபது கோடிக்கு மேல செலவு பண்ணி ஒரு பெரிய ஃபேன் வெச்சாங்க, சுத்தி கொஞ்ச தூரம் தாண்டினா பலன் இல்லன்னு பின்னாடி டிபிசிசியே (டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு) பசுமைத் தீர்ப்பாயத்துல சொல்லிச்சு. மூலத்துல கையை வெச்சா நாலு பேர் கோவிச்சுக்குவாங்க, மிஷின் வாங்கினா ரிப்பன் வெட்டலாம்.

இன்னொரு விஷயம், இதை யாருமே கேக்க மாட்டேங்கறீங்க. காவேரி ஒரே ஆறு. தகராறு பண்றது ரெண்டு பெரிய மாநிலம், கூட கேரளாவும் புதுச்சேரியும். எல்லாருக்கும் மேல ஒரே அரசியல் சாசனம், ஒரே சுப்ரீம் கோர்ட். 1990-ல ட்ரிப்யூனல் போட்டாங்க, 2007-ல இறுதித் தீர்ப்பு, 2018-ல சுப்ரீம் கோர்ட் அதைத் திருத்தி கர்நாடகா தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி விடணும்னு சொல்லிச்சு, அதுக்கப்புறமும் மழை பொய்ச்ச வருஷமெல்லாம் இங்க டில்லில மேலாண்மை ஆணையத்துல உக்காந்து சண்டை. 2023 ஆகஸ்ட் 1901-க்கு அப்புறம் நாட்டுலயே வறண்ட ஆகஸ்ட், ஞாபகம் இருக்கில்ல, பெங்களூருல பந்த், டெல்டால குறுவை காய்ஞ்சுது. அந்த மாசம் வேற எந்த நாடோ வானத்துல தூவிட்டு இருந்திருந்தா? எங்க மழை போனது உன்னாலன்னு நாம சொல்லுவோம், அது எல்-நினோ, பசிபிக் கடல் சூடானதாலன்னு அவன் சொல்லுவான், நிரூபிக்க எந்த கோர்ட்டும் கிடையாது. உங்க சீனியர்கிட்ட இதைக் கேளுப்பா, அவரும் மாண்டியாக்காரர்தானே, கேஆர்எஸ் அணை வத்தினா அவருக்கும்தான் வலிக்கும்.

சைட்_இன்ஜினியர்_குருகிராம்:

ஐயா நீங்க சொன்னது எல்லாம் சரி, நான் ஒண்ணும் மறுக்கல, ஆனா இங்க பேசற எல்லாரும் ஏசி ரூம்லேந்து பேசறீங்கன்னு தோணுது, கோவிச்சுக்காதீங்க. நான் கட்டட வேலை பாக்கறவன், என் சைட்ல விழுப்புரம், கள்ளக்குறிச்சி பசங்களும் பீகார் பசங்களும் இருக்காங்க, மே மாசம் சென்ட்ரிங் கம்பியைத் தொட்டா கை பொசுங்குது. 2024 மே மாசம் டில்லி எல்ஜி (துணைநிலை ஆளுநர்) 12 மணிலேந்து 3 வரைக்கும் சம்பளத்தோட ரெஸ்ட் குடுக்கச் சொல்லி ஆர்டர் போட்டார், அது டில்லிக்கு, பார்டர் தாண்டினா ஹரியானா, எங்க கான்ட்ராக்டர் காதுலயே போட்டுக்கல. 2024 உலகம் பூரா சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்ததை விட 1.55 டிகிரி ஏறின வருஷம்னு உலக வானிலை அமைப்பு (டபிள்யூஎம்ஓ) சொல்லுது, நாளைக்கே எல்லா நிலக்கரியையும் மூடினாலும் ஏறினது ஏறினதுதான், இறங்காது. அப்போ இந்தப் பசங்களுக்கு நீங்க வெச்சிருக்கற பதில் என்ன? 2050, 2070 எல்லாம் அவனுக்கு எதுக்கு?

தூவுங்கன்னு நான் சொல்லல. ஆனா ஆராய்ச்சியே கூடாதுன்னு சொல்றவங்களைப் பார்த்தாதான் எரிச்சலா வருது. ஹார்வர்ட்ல ஒரு பலூன் ப்ராஜெக்ட், 2021-ல ஸ்வீடன்ல கிருனாங்கற ஊர்ல பறக்க விடப் பார்த்தாங்க, முதல் தடவை துகள் கூட தூவறதா இல்ல, வெறும் கருவி டெஸ்ட், அதுக்கே எதிர்ப்பு வந்து நின்னு போச்சு, 2024-ல ப்ராஜெக்டையே மூடிட்டாங்க. கலிஃபோர்னியால அலமீடான்னு ஒரு ஊர்ல கடல் உப்புத் தண்ணியைப் புகையா அடிச்சு மேகத்தை வெளுப்பாக்கற சோதனை, அதையும் 2024-ல சிட்டி கவுன்சில் நிறுத்திடுச்சு. ஒழுங்கா சொல்லிட்டு செய்யறவனை நிறுத்தினா சொல்லாம செய்யறவன்தான் மிஞ்சுவான்.

எண்ணெய்க்கத்திரிக்கா:

சொல்லாம செய்யறவன் ஏற்கனவே வந்தாச்சு. மேக் சன்செட்ஸ்னு ஒரு அமெரிக்க ஸ்டார்ட்அப் 2022-ல மெக்சிகோல போய் யார்கிட்டயும் கேக்காம பலூன்ல சல்ஃபர் டை ஆக்சைடை அடைச்சு விட்டுட்டு, ஒரு கிராம் 10 டாலர்னு "கூலிங் க்ரெடிட்" வித்தாங்க. மெக்சிகோ கடுப்பாகி 2023 ஜனவரில இந்த மாதிரி சோதனைக்கெல்லாம் தடைன்னுச்சு. பலூன் தம்மாத்தூண்டு, அதால ஒரு மண்ணும் ஆகாது, ஆனா வியாபாரம் எந்த ரூட்ல வரும்னு புரிஞ்சு போச்சு. இப்போ ஸ்டார்டஸ்ட்னு இன்னொரு கம்பெனி 2025-ல 6 கோடி டாலர் முதலீடு வாங்கியிருக்கு. முதலீடு போட்டவன் லாபம் கேப்பான்ல? அப்போ பூமி சுட்டாத்தானே அவன் கல்லா நிறையும்.

லேப்கோட்_கழட்டியாச்சு:

@சைட்_இன்ஜினியர் உங்க கோவம் நியாயம். ஆராய்ச்சி வேணும்னுதான் நானும் சொல்றேன், நம்ம டிஎஸ்டி (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) கூட 2017 வாக்குல இதுக்குன்னு மாடலிங் ப்ராஜெக்ட்டுக்குப் பணம் குடுத்துச்சு. இந்தியா கடல்ல இறங்கியே சோதனை பண்ணியிருக்கு, பலருக்குத் தெரியாது. 2009-ல கோவா என்ஐஓவும் (தேசிய கடலியல் நிறுவனம்) ஜெர்மன்காரங்களும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ்னு ஒண்ணு, அண்டார்டிகாவைச் சுத்தின தென்கடல்ல 300 சதுர கிலோமீட்டருக்கு இரும்பு உப்பைக் கரைச்சு விட்டாங்க, பாசி வளரும், அது கார்பனை இழுத்துட்டு அடில போய்ப் படியும்னு ப்ளான். பாசி வளர்ந்துச்சு, கோபிபாட்னு பொடி ஜந்து வந்து மேய்ஞ்சுட்டுப் போயிடுச்சு, கார்பன் பெரிசா கீழ இறங்கவே இல்ல. அந்தத் தண்ணில சிலிக்கா கம்மி, சிலிக்கா ஓடு போட்ட டயாட்டம்ங்கற பாசி வளர முடியல, அதனால எல்லாம் தீனியாப் போச்சு. செஞ்சு பார்த்ததாலதான் இது தெரிஞ்சுது.

ஆனா சல்ஃபருக்கு இந்த வழி பத்தாது. சின்னதா தூவினா துகள் எப்படி உருவாகுது, ஓசோனை என்ன பண்ணுதுங்கற வேதியியல் தெரியும் (பினாடுபோவுக்கு அப்புறம் ஓசோனும் அடி வாங்கிச்சு). பருவமழை என்னாகும்ங்கறது நிஜ அளவுல, வருஷக்கணக்கா தூவினாத்தான் தெரியும், அதுக்குப் பேர் சோதனை இல்ல, செஞ்சு முடிச்சதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, டில்லிக்காரங்க நாம இதுக்குள்ளதான் வாழறோம். வட இந்தியா மேல இருக்கற புகைமூட்டத்துல சல்ஃபேட் இருக்கு, அதுவும் வெயிலைத் தடுக்குது. 1950-களுக்கு அப்புறம் மத்திய, வட இந்தியாவுல பருவமழை குறைஞ்சதுக்கு இந்தப் புகையும் ஒரு காரணம்னு ஐபிசிசியே சொல்லுது. ஆக யாரும் திட்டம் போடாம ஒரு ஜியோஇன்ஜினியரிங் (பூமியோட வெப்பத்தை மனுஷன் மாத்தறது) பல வருஷமா நடந்துட்டு இருக்கு, அதுவும் தாழ்வா, நம்ம நுரையீரல் மட்டத்துலயே. சுத்தம் பண்ணா மறைஞ்சிருந்த சூடு வெளிய வரும். 2020-ல கப்பல் எண்ணெய்ல சல்ஃபர் அளவை 3.5 சதவீதத்துலேந்து 0.5-க்கு இறக்கினப்பவே கடல் மேல மேகம் மங்கி சூடு கொஞ்சம் ஏறிச்சு, எவ்வளவுங்கறதுலதான் இன்னும் சண்டை.

டெல்டாக்காரன்_டெல்லியில்:

ஐயோ அப்போ இந்தப் புகையை அப்படியே விட்டுடணுமா?

லேப்கோட்_கழட்டியாச்சு:

அப்படி யார் சொன்னா, அது வருஷா வருஷம் ஆளைக் கொல்லுது. தாழ்வா இருக்கற துகள் ஒரு வாரம் பத்து நாள்ல மழைல கரைஞ்சு போயிடும், அவ்ளோ கொஞ்ச நேர நிழலுக்கு நாம குடுக்கற விலை நுரையீரல். ஆனா 2015-ல அனல் மின் நிலையமெல்லாம் சல்ஃபர் வடிகட்டி போடணும்னு விதி வந்து, கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலைல முக்கால்வாசி நிலையத்துக்கு வேண்டாம்னே விலக்கு குடுத்துட்டாங்க. செக்ஷன் ஆபீசர் சாருக்கு இந்த ஃபைல் நடை நல்லாவே புரியும்.

ரிட்டயர்டு_செக்ஷன்_ஆபீசர்:

புரியாம என்ன. கெடு நீட்டிப்பு, கெடு நீட்டிப்பு, அப்புறம் விதி தளர்வு. பாடப்புத்தகத்துல வெக்கலாம்.

இன்ஜினியர் தம்பிக்கு: உன் கேள்விக்குப் பதில் என்கிட்ட இல்லாம இல்ல, அது வானத்துல இல்ல. மத்தியானம் மூணு மணி நேரம் வேலையை நிறுத்தறது, நிழல் கூரை, தண்ணி, கூலி பிடிக்காம இருக்கறது, இதுக்கு 20 கிலோமீட்டர் பறக்கற ப்ளேன் வேணாம், ஒரு லேபர் இன்ஸ்பெக்டர் சைட்டுக்கு வந்தாப் போதும். எமிஷன் விஷயத்துல நம்ம ஆளுக்கு ரெண்டு டன், அமெரிக்கன் ஆளுக்கு 14 டன், அதனால முதல்ல குறைக்க வேண்டியது யாருங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா தூவற சுவிட்ச்சும் அவங்க கைலதான் இருக்கும்.

சைட்_இன்ஜினியர்_குருகிராம்:

இன்ஸ்பெக்டர் வந்தா கான்ட்ராக்டர் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவான் ஐயா, நீங்க பார்க்காததா. சுவிட்ச் அவங்க கைல இருக்கும்ங்கறீங்கள்ல, அதுக்குத்தான் நானும் சொல்றேன், நம்ம ஆளுங்க உள்ள உக்காந்து கத்துக்கணும். நாளைக்கு அவங்க தூவறோம்னு வந்து நிக்கறப்போ, இந்த அளவு போனா குடகுல மழை இப்படி ஆகும்னு நம்ம கணக்கை எடுத்து மேசைல போட ஆள் வேணாமா? 2024-ல நைரோபில ஐநா சுற்றுச்சூழல் கூட்டத்துல சுவிட்சர்லாந்து ஒரு நிபுணர் குழு போடலாம்னு தீர்மானம் கொண்டு வந்துச்சு, ஒத்துக்க முடியாம வாபஸ் ஆயிடுச்சு. ஆப்பிரிக்க நாடுகள் அங்க ஒண்ணா நின்னு பயன்படுத்தவே கூடாதுன்னு ஒப்பந்தம் கேட்டாங்க. நம்ம பக்கம் என்ன சொல்றோம்னு இங்க யாருக்காவது தெரியுமா?

எண்ணெய்க்கத்திரிக்கா:

அதை ஒரு எம்பி கேள்வியா பார்லிமென்ட்ல கேக்க வைக்கலாமே. டெல்டா எம்பிங்க செஷனுக்கு இங்கதான் வராங்க, தமிழ்நாடு ஹவுஸ்ல போய் மனு குடுக்கலாம். சுற்றுச்சூழல், புவி அறிவியல்னு ரெண்டு அமைச்சகத்துக்கும் தனித்தனியா கேக்கணும், இல்லன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிடுவாங்க.

ரிட்டயர்டு_செக்ஷன்_ஆபீசர்:

ட்ராஃப்ட் நான் எழுதித் தரேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியா வந்தா அமைச்சர் எழுந்து நின்னு பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் கேக்கலாம். மத்ததுக்கு எழுத்துல பதில் வரும், அதுல ஒண்ணும் இருக்காது. காவேரிப் படுகைல மழை எவ்வளவு மாறலாம்னு ஏதாவது ஆய்வு நடந்திருக்கான்னு பேர் சொல்லிக் கேக்கணும். லேப்கோட் தம்பி, டெக்னிக்கல் பாயின்ட் மட்டும் மெசேஜ்ல அனுப்பு, ஒரு பக்கத்துக்கு மேல வேணாம்.